மூணாவது வெளிச்சம்

அந்தப் பைய மடியில வெச்சுக்கங்க தம்பி. மேல வெச்சா வளைவுல வந்து தலைமேல உளுந்துரும். கேமராதானுங்களே? நீங்க புடிக்கற புடியிலயே தெரியுது. கைக்கொழந்தையத் தூக்கீட்டு பஸ் ஏறுனவராட்டப் புடிச்சிருக்கறீங்க. நானும் அதே தொழில்தானுங்க. பொள்ளாச்சி மார்க்கெட் பக்கம் லோகு ஸ்டுடியோன்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. லோகநாதன் என் பேரு. கல்யாணம், காதுகுத்து, சீரு, எது நடந்தாலும் நம்ம கைதான்.

பஸ்சு இப்பக் கெளம்பாதுங்க. மேல மரம் உளுந்து கெடக்குதாமா. ஆடி மாசத்துல இந்த ரோட்டுல இதே வேலைதான். வெட்டித் தள்ளி வழி உடறதுக்குள்ள பொழுது எறங்கிரும். நீங்க எதுவரைக்கும்?

ஊசிப்பாறை எஸ்டேட்டா? அட. நானும் அங்கதானுங்க.

பிரண்டு வீடு லைன்ல இருக்குதா. சரி சரி. யானை எடுக்கப் போறீங்க. ராத்திரிலயா? அப்ப பிளாஷ் வெச்சிருப்பீங்களே, காட்டுங்க பாக்கலாம். ஓ, நல்ல சாமானுங்க இது. வெலை ஜாஸ்தி இருக்குமே. என்னோடது பழசு. ரெண்டு அடிச்சா அதுக்கு மூச்சு வாங்கும். மூணாவதுக்குச் சித்த நிக்கோணும்.

பிளாஷ் அடிக்கக் கூடாதுன்னு ஒரு கூட்டம் சொல்லீட்டுத் திரியுதுங்க. கோயமுத்தூர்ல நான் இருந்த போட்டோ கிளப்புல பாதிப்பேரு அந்தக் கட்சி. மிருகத்துக்குக் கண்ணு கூசுமாமா, தெகைச்சு நின்னுருமாமா, வழி தவறிப் போயிருமாமா. நான் ஒண்ணு கேக்கறனுங்க. மானத்துல மின்னல் வெட்டறதில்லையா? வெட்டுனா இந்த மலையில இருக்கற யானையெல்லாம் குருடாப் போயிருதா? இதுக்கு ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டான். 

ஒருக்கா ஆழியாறுக்கு அக்கட்டால ஒரு ஆந்தைய எடுத்தனுங்க. கைக்கெட்டற தூரம். ரோமம் ரோமமாத் தெரியும், அப்படி ஒரு படம். அடிச்சதும் அது கெளம்பி நேராப் போயி ஒரு தேக்கு மரத்துல முட்டீட்டுக் கீழ உளுந்துருச்சு. அது பிளாஷாலன்னு எப்படிங்க சொல்ல முடியும்? அதுக்கு முந்தியே என்ன சீக்கோ. நான் பாட்டல்ல இருந்து தண்ணி கூட வாயில உட்டுப் பாத்தேன். குடிக்கல. இதக் கிளப்புல ஒருத்தருகிட்ட வெளையாட்டாச் சொல்லப்போக, அவரு ஊரெல்லாம் சொல்லி என்னைய ஆந்தை லோகுன்னு ஆக்கிப் போட்டாரு. யாருன்னு அப்பறம் சொல்றேன். அவரு பல் டாக்டருங்க.

எங்க தொழில்ல ஒரு பழக்கம் இருக்குது, உங்களுக்கும் பிரயோஜனப்படும், கேட்டுக்கங்க. மாப்பிள்ளை பொண்ண நிக்க வெச்சு மொத ஒண்ணு அடிச்சா ரெண்டு பேரும் கண்ண மூடிருவாங்க. ஒடனே ரெண்டாவது. அதுல பாதிக் கண்ணுல நிப்பாங்க. அப்பறம் நான் சும்மா நின்னுக்குவேன். சரி, முடிஞ்சுதுன்னு நெனச்சு மூஞ்சி எளகும் பாருங்க, அப்ப அடிக்கோணும் மூணாவது. அதுதான் ஆல்பத்துக்குப் போற படம். எங்கப்பா ரோல் பிலிம் காலத்துல இருந்து இதான் செஞ்சாரு. மொத ரெண்டு அவங்களுக்கு, மூணாவது நமக்குன்னு சொல்லுவாரு. இருவத்தஞ்சு வருசமா என் கை அதும்பாட்டுக்குச் செய்யும். ரெண்டு, அப்பறம் நிப்பு, அப்பறம் ஒண்ணு.

இப்பக் கொஞ்ச நாளா அந்த மூணாவதுதான் வர மாட்டேங்குதுங்க. வெரல் மரத்துப் போயிருது. தை மாசம் ஒரு முகூர்த்தத்துல மாப்பிள்ளையும் பொண்ணும் சிரிச்சுட்டே நிக்கறாங்க, நான் கேமராவத் தூக்கிப் புடிச்சுட்டே நிக்கறேன். பொண்ணோட மாமங்காரன் வந்து, "என்னங் போட்டோக்காரரே, நின்னுட்டே தூங்கறீங்களா?"ங்கறான். மண்டபமே சிரிக்குது. கடைசியில எங்கூட வந்த வீடியோக்காரர்தான் வாங்கி அடிச்சாரு. நரம்பு டாக்டருகிட்டக் காட்டுனேன். கழுத்தெலும்பு தேஞ்சிருக்குதுன்னு மாத்திரை குடுத்திருக்காரு. கேமரா வெயிட்டு, வேற என்ன.

எங்க உட்டேன்? ஊசிப்பாறை. போன வருசம் மழை முடிஞ்ச ஒடனே நான் அங்க போக ஆரம்பிச்சனுங்க. சனிக்கெழம கடையச் சாத்தீட்டுக் கடைசி பஸ்சப் புடிச்சாப் போதும். லைன் வீட்டுல, எஸ்டேட் ஆளுக குடியிருக்கற வரிசை வீட்டுல, சவரிமுத்துன்னு ஒருத்தன். எஸ்டேட்டுல மருந்தடிக்கற வேலை. அவனோட தங்கச்சி கல்யாணத்துக்கு நாந்தான் படம் எடுத்தேன், அந்தப் பழக்கம். "வாங்கண்ணே, எங்க வீட்டுலயே தங்கிக்கங்க"ன்னான். நல்ல மனுசன். அவன் சம்சாரம் ரோஸ்லின். வால்பாறை டவுன்ல ஒரு பேக்கரில வேலை, அதே கடைசி பஸ்லதான் வீடு திரும்பும். வரும்போதெல்லாம் வர்க்கி ஒரு பொட்டலம் எடுத்துட்டு வரும். "அண்ணனுக்கு மொறுமொறுப்பா இருக்கறதாப் பொறுக்கி எடுத்தேன்"னு சொல்லும். சொந்தத் தங்கச்சி கூட எனக்கு அப்படிச் செஞ்சதில்லீங்க.

நீங்க புதுசுங்காட்டிச் சொல்றேன். அங்க பஸ் ஸ்டாப்பு மேல, மெயின் ரோட்டுல. லைன் வீடெல்லாம் எதுத்த சரிவுல. நடுவுல பள்ளம், தண்ணி ஓடும், ஒரு சின்னப் பாலம். ஸ்டாப்புல எறங்கி தேயிலைக்குள்ளயே வளைஞ்சு வளைஞ்சு போற ஒத்தையடித் தடத்துல எறங்கி, பாலம் தாண்டி, மறுக்கா மேல ஏறோணும். அந்தப் பள்ளந்தான் யானைக்கும் ரோடு. போன் அங்க சுத்தமா எடுக்காது. அதனால அவங்களே ஒரு ஏற்பாடு வெச்சிருக்கறாங்க.

பொழுது உளுந்தப்பறம் பஸ்சு வந்து நின்னா, லைன்ல இருந்து ஒருத்தர் டார்ச்ச ரெண்டு தடவ அடிப்பாங்க. வழி சும்மாதான் கெடக்குதுன்னு அர்த்தம். மேல எறங்குனவங்க பதிலுக்கு டார்ச்சப் போட்டு, அசைக்காமப் புடிச்சுட்டே நிப்பாங்க. அதப் பாத்துட்டுக் கீழ இன்னொண்ணு அடிப்பாங்க. அதுக்கப்பறம்தான் கால எடுத்து வெப்பாங்க. யாராச்சும் வெளிக்குப் போறவங்க டார்ச்சப் பாத்துத் தப்பா எறங்கிரக் கூடாது பாருங்க, அதுக்குத்தான் இத்தனை. பள்ளத்துல யானை நின்னுச்சுன்னா வெளிச்சமே காட்ட மாட்டாங்க. லைனே இருட்டாக் கெடக்கும். இருட்டாக் கெடந்தா வராதேன்னு அர்த்தம். ரோஸ்லின் அப்படியே பஸ்லயே குந்தி அடுத்த எஸ்டேட்டுல அவங்க அக்கா வீட்டுக்குப் போயிரும்.

மொத நாளு என்னையும் அப்படித்தான் எறக்குனாங்க. ரெண்டு மின்னுச்சு. கூட வந்த ரோஸ்லின் டார்ச்ச என் கையில குடுத்து, "நீங்க புடிங்கண்ணே"ன்னுச்சு. நான் புடிச்சேன். மறுக்கா ஒண்ணு மின்னுச்சு. அழகா இருந்துச்சுங்க. ஊட்டுக்கு வந்து என் சம்சாரத்துகிட்ட அத ஒரு கதையாச் சொன்னேன். கிளப்புல சொன்னேன். கேட்டவங்கெல்லாம் அப்படியான்னு வாயப் பொளந்தாங்க.

சவரிமுத்து எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னான். "அண்ணே, பொழுது சாஞ்சப்பறம் வெளிய நின்னு பிளாஷ் மட்டும் அடிக்காதீங்க. யானைக்காகச் சொல்லலண்ணே. எங்க ஆளுக வெளிச்சத்தப் பாத்துத்தான் நடப்பாங்க." சொன்னான், இல்லேங்கல. ஆனா சிரிச்சுட்டே சொன்னான் தம்பி. டீயக் கையில குடுத்துட்டே, போற போக்குல சொன்னா ஒரு மனுசன் அத எப்படி எடுத்துக்குவான்? அழுத்திச் சொல்லியிருக்கோணுமா இல்லையா? நீங்களே சொல்லுங்க.

இஞ்சின் போட்டுட்டாங்க. மரத்த இழுத்துப் போட்டுட்டாங்க போல. ஜன்னல இறக்கிக்கங்க, சாரல் அடிக்கும்.

அன்னைக்குக் கார்த்திகை மாசம், நான் மத்தியானப் பஸ்லயே போயிட்டேன், வானம் வெளுப்பா இருந்துச்சு. ராத்திரி சாப்பாட்டுக்கு முந்தியே பள்ளத்துல கிளை ஒடியற சத்தம். சவரிமுத்து போயி எட்டிப் பாத்துட்டு வந்து வீட்டு லைட்ட அணைச்சான். பக்கத்து வீடெல்லாம் அணைச்சாங்க. குசுகுசுன்னு, "கூட்டமா நிக்குதுண்ணே. குட்டி இருக்கு. இன்னைக்கு அவ அக்கா வீட்டுக்குப் போயிருவா. நீங்களும் உள்ளயே இருங்க"ன்னான்.

குட்டி இருக்குதுன்னு சொல்லீட்டு உள்ள இருங்கன்னா எப்படிங்க இருக்கறது? நாலஞ்சு வாரமா எதுக்கு வந்துட்டு இருக்கறேன்? அவன் கொல்லைப் பக்கம் போன நேரத்துல நான் கேமராவையும் ஸ்டாண்டையும் எடுத்துட்டு, கடைசி வீட்டுக்குக் கீழ பம்ப் ஷெட்டு ஒண்ணு இருக்குது, அதோட ஓரத்துல போயி நின்னேன். தாய் யானை எனக்கு நேரா நிக்குது. கால் சந்துல குட்டி. கல்யாண ஜோடி கூட எனக்கு அப்படி நின்னு குடுத்ததில்லீங்க.

மேல ரோட்டுல பஸ்சு வந்து நின்ன சத்தம் கேட்டுச்சுங்க. கேக்காம இருக்குமா. பஸ்சு தெனமுந்தான் வருது. யானை முன்னால நிக்கறப்ப பஸ்சப் பத்தி யாருங்க நெனைப்பாங்க?

அடிச்சேன். ஒண்ணு. ஒடனே இன்னொண்ணு. யானை அப்படியே நின்னுருச்சு. காத மட்டும் விரிக்குது. கண்ணு பாதி மூடி இருக்குது. கை அதும்பாட்டுக்கு நின்னுக்குச்சு. பிளாஷும் மூச்சு வாங்கோணும். அந்த நேரம் பாத்து சவரிமுத்து வீட்டுப் பக்கம் இருந்து என்னமோ கத்துனான். தண்ணி சத்தத்துல சரியாக் கேக்கல. படத்தக் கெடுக்கறானேன்னு எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. யானை கொஞ்சம் எளகுச்சு, என்னைய நேராப் பாத்துச்சு. பிளாஷ்ல ரெடின்னு பச்சை லைட்டு வந்துச்சு. மூணாவது அடிச்சேன்.

அதான் அந்தப் படம்.

கூட்டம் சித்த நேரம் அப்படியே நின்னுச்சு. அப்பறம் தாய் ஒரு பிளிறு பிளிறுச்சு பாருங்க, என் நெஞ்சுக்கூடே அதிர்ந்துச்சு. கூட்டம் அப்படியே திரும்பி, பாலத்துக்கு அக்கட்டால தடத்துலயே மேல ஏறுச்சு. நல்ல வேளை, என் பக்கம் வரல. நான் ஷெட்டுச் செவுத்தோட ஒட்டிக்கிட்டுத் திரையப் பாத்தேன். கண்ணு ஷார்ப்பா இருக்குதான்னு பெருசு பண்ணிப் பாத்தேன். ரெப்பை மயிர் கூட எண்ணலாம். அந்த நேரத்துல சவரிமுத்து என்னையத் தாண்டி ஓடறான். கையில டார்ச்சு இல்ல, ஒண்ணுமில்ல. ஓடற வேகத்துல என் ஸ்டாண்டத் தட்டி உட்டுட்டான். லென்ஸ் ஓரத்துல கீறல் உளுந்துச்சு, இப்பவும் இருக்குது. நான் அதப் பத்தி அவங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லீங்க.

ரோஸ்லின் தடத்துல பாதி எறங்கியிருந்துச்சு.

என்னத்தச் சொல்ல. எறங்கியிருக்க வேண்டாமே. பெரிய வளைவு ஒண்ணு வரும், வெள்ளோக்கு மரத்துகிட்ட, அங்க. நாங்க போயிப் பாத்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. தேயிலைச் செடி அந்த எடத்துல தரையோட தரையா அமுந்து கெடந்துச்சு. பக்கத்துச் செடிமேல வர்க்கிப் பொட்டலம் அப்படியே உக்காந்திருக்குதுங்க. ஒண்ணு கூட நொறுங்கல. நாந்தான் எடுத்தேன். எடுத்துட்டு என்ன பண்றதுன்னு தெரியாம விடியற வரைக்கும் கையிலயே வெச்சிருந்தேன்.

பாரஸ்டுக்காரங்க வந்தாங்க, போலீசு வந்துச்சு. சவரிமுத்துகிட்டக் கேட்டாங்க. "யானை அடிச்சிருச்சு சார்"னு மட்டுந்தான் சொன்னான். எங்கிட்டயும் கேட்டாங்க, நீங்க யாருன்னு. ஒறம்பரை, விருந்துக்கு வந்தவன்னு சொன்னேன். பிளாஷ் அடிச்சீங்களான்னு யாரும் கேக்கலீங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நான் எதையும் மறைக்கற ஆளில்ல. சவரிமுத்தும் என்னையப் பாத்து ஒண்ணும் சொல்லல. அன்னைக்கும் சொல்லல, அடக்கத்தன்னைக்கும் சொல்லல. நான் மாலை வாங்கீட்டுப் போனேன். வாங்கி வெச்சான். டீ குடிக்கிறீங்களாண்ணேன்னு கேட்டான். அவ்வளவுதான்.

திட்டியிருந்தாப் பரவால்லீங்க. சட்டையப் புடிச்சிருந்தாப் பரவால்ல. உங்க மேல தப்பில்லண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் அதோட போயிருக்கும். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும் தம்பி. இன்னைக்கு நான் போறதும் அதுக்குத்தான்.

அப்பறம் படம். மாசி மாசம் கிளப்புல வருசப் போட்டி. என் சம்சாரம் அனுப்ப வேண்டாம்னுச்சு. அதுக்கென்ன தெரியும்? செத்துப்போன புள்ளைக்கும் யானைப் படத்துக்கும் என்ன சம்பந்தம்? தாய்மைன்னு பேரு போட்டு அனுப்புனேன். மொதப் பரிசுங்க. மேடையில கூப்பிட்டு சால்வை போட்டாங்க. பேப்பர்ல வந்துச்சு. அந்தக் கண்ணுல இருக்கற பாசத்தப் பாருங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒரே ஒரு அம்மா மட்டும் கிட்ட வந்து நின்னு பாத்துட்டு, "பயந்து போயி நிக்குதுங்களே"ன்னுச்சு. படம் பாக்கத் தெரியாதவங்க.

அந்தப் படத்துல மேல் மூலையில, இருட்டுக்குள்ள ஒரு புள்ளி இருந்துச்சுங்க. வெள்ளையா, கடுகத்தனை. சென்சார்ல தூசின்னு நெனச்சேன். கல்யாணப் படத்துல பருவு, மச்சம், செவுத்துல ஆணி எல்லாம் தொடைச்சுத்தான குடுப்போம்? அதாட்ட அதையும் தொடைச்சுட்டேன். ஒரு நிமிச வேலை. போட்டி விதியில படத்துல இருக்கற எதையும் எடுக்கக் கூடாதுன்னு இருக்குதாமா. பரிசு குடுத்தப்பறம் ஒரிஜினலக் கேட்டாங்க, அன்னைக்கு எடுத்த மூணையும் குடுத்தேன். அந்தப் பல் டாக்டரு, வித்யாசாகர்னு பேரு, அவருதான் கிளப்புக்குச் செயலாளர், பரிசுப் படத்தையும் அதோட ஒரிஜினலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்திருக்காரு. "இந்தப் புள்ளி எங்க லோகநாதன்?"ங்கறாரு. தூசிங்கன்னேன். "தூசின்னா மத்த ரெண்டு படத்துலயும் அதே எடத்துல இருக்கோணுமே, இல்லையே"ங்கறாரு. பல்லப் புடுங்கறவருக்கு இதெல்லாம் எதுக்குங்க?

அதோட உட்டாரா. படம் எடுத்த எடத்தப் பாக்கோணும்னு ஒரிஜினல எடுத்துட்டு ஊசிப்பாறைக்கே போயிட்டாரு. சவரிமுத்துகிட்டக் காட்டி, இந்த மூலையில என்ன இருக்குதுன்னு கேட்டிருக்காரு. அவன் வாங்கிக் கண்ணுகிட்ட வெச்சுப் பாத்தானாமா. அப்பறம் படியில உக்காந்துட்டானாமா. "அது பஸ் ஸ்டாப்பு சார். அவ டார்ச்சு. பதில் போட்டுட்டு நிக்கிறா"ன்னானாமா.

அப்பறம் என்ன. பரிசு ரத்து, கிளப்புல இருந்து நீக்கம். ஒரு புள்ளியத் தொடைச்சதுக்கு! ஆந்தை லோகுன்னு சொன்னவங்க இப்ப என்ன பேரு வெச்சிருக்கறாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். எப்படிங்க அது என் தப்பாகும்? அவங்க டார்ச்சு மாதிரியே என் பிளாஷும் வெள்ளையா இருந்தா நான் என்ன பண்றது? ரெண்டு அடிச்சு ஒண்ணு அடிக்கறது என் தொழில் பழக்கம், அவங்கள மாதிரி அடிக்கோணும்னா அடிச்சேன்? அந்த ஏற்பாடெல்லாம் வெளியூர்க்காரனுக்கு எப்படி ஞாபகத்துல இருக்கும்? "லைட்ட அடிக்காதே, அவ மேல நிக்கிறா"ன்னு இருட்டுல ஒருத்தன் கத்துனா, யாரச் சொல்றான், எந்த லைட்டச் சொல்றான்னு அந்த அவசரத்துல யாருக்குப் புரியும்?

என்னங்க அப்படிப் பாக்கறீங்க?

தண்ணி சத்தத்துல சரியாக் கேக்கலைன்னுதான சொன்னேன். ஆமா. சரியாக் கேக்கல.

போன வாரம் சவரிமுத்து போன் பண்ணுனான். எட்டு மாசத்துக்கப்பறம். டவுனுக்கு வந்து கூப்புட்டிருக்கான் போல.  சரி, இப்பத்தான் திட்டப் போறான்னு காதுல வெச்சேன். "அண்ணே, அந்தப் புள்ளிய மட்டும் பெருசாப் போட்டுக் குடுப்பீங்களா?"ங்கறான். யானை வேண்டாமாமா. புள்ளி மட்டும். "கடைசியா அவ எங்கூடப் பேசுனது அதுதாண்ணே. எனக்குன்னு நெனச்சுத்தான் புடிச்சிருக்கா"ங்கறான்.

 கடுகத்தனை புள்ளியப் பெருசாக்குனா மணல் மணலா ஒடைஞ்சு போயிரும், ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன். பரவால்லண்ணேங்கறான். சரின்னு ராத்திரி கடையில உக்காந்து பெருசு பண்ணுனேன். நடுவுல வெள்ளை. அதச் சுத்தி ஒரு பக்கம் மட்டும் செவப்பா ஒரு கோடு. டார்ச்சுக் கண்ணாடிமேல வெரல வெச்சு மறைச்சா வெரல் செவந்து தெரியுமே, அதாட்ட. அந்தப் புள்ளைக்கு அப்படிப் புடிக்கற பழக்கம். மொத நாளு எங்கையில குடுத்தப்பவும் ஒரு வெரல் கண்ணாடிமேலதான் இருந்துச்சு. நான் அந்தச் செவப்பக் கலர் கரெக்‌ஷன்ல எடுத்துட்டனுங்க. சுத்தமா வெள்ளையா இருந்தாப் பாக்கறதுக்கு நல்லா இருக்குமேன்னு. பிரேம் போட்டு, கவர்ல போட்டு, இதோ மடியிலதான் வெச்சிருக்கறேன். காசு வாங்கப் போறதில்ல. குடுத்துட்டு, அவன் அந்த ஒரு வார்த்தையச் சொல்றானான்னு பாத்துட்டு, அடுத்த பஸ்லயே வந்துரலாம்னு கெளம்புனேன்.

இருட்டீருச்சு பாருங்க. எல்லாம் அந்த மரத்தால. வெளிச்சத்தோடயே போயிரலாம்னு மத்தியானப் பஸ்ல ஏறுனவன் நான்.

இந்தத் திருப்பம் தாண்டுனா ஸ்டாப்புதானுங்க. வந்துருச்சு. கேட்டீங்களா, டிரைவரு இஞ்சின அணைச்சுட்டாரு. அந்த ராத்திரிக்கப்பறம் இப்படித்தானாமா. ஆளு எறங்கறதுன்னா, கீழ மூணாவது வெளிச்சத்தப் பாக்காம ராத்திரி பஸ்சு எதுவும் இந்த எடத்த உட்டு நகராதாமா. டிரைவரும் கண்டக்டரும் அவங்களாவே முடிவு பண்ணிக்கிட்டாங்களாமா. எல்லாரும் ஜன்னலத் தூக்கீட்டுக் கீழயே பாக்கறாங்க பாருங்க, பின்னால கைக்கொழந்தையோட இருக்கற அம்மா கூட. கீழ இப்ப தெனமும் சவரிமுத்துதான் நின்னு அடிக்கறானாமா. மழையானாலும் காச்சலானாலும் வேற ஆளு கையில டார்ச்சக் குடுக்கறதில்லையாமா.

அதோ. ஒண்ணு. ரெண்டு.

டார்ச்ச எடுங்க தம்பி. படியில நின்னு புடிங்க. அசைக்காதீங்க, நேராப் புடிங்க, அவன் பாக்கோணும்.

நானா? நான் எறங்கலீங்க. முட்டி வலி. ஈரத் தடத்துல எறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இந்தக் கவர நீங்களே குடுத்துருங்க. லோகு அண்ணன் குடுத்தாருன்னு சொல்லுங்க. இருங்க, இருங்க. பிரேம் போட்டத எங்கிட்டயே குடுங்க. அதுக்கு அடியில பிரேம் போடாம இன்னொண்ணு இருக்குது பாருங்க, அட்டைக்கு நடுவுல. கையே வெக்காம எடுத்தது. செவப்போட இருக்குது. எதுக்கு அதையும் எடுத்துட்டு வந்தேன்னு தெரியல. அதக் குடுங்க அவனுக்கு.

அந்த வார்த்தையெல்லாம் நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம். அவன் டீ குடிக்கறீங்களான்னு கேப்பான். குடிங்க.

அப்பறம் தம்பி, அந்த பிளாஷு. இங்க இருக்கற வரைக்கும் அது பைக்குள்ளயே இருக்கட்டும். எடுக்காதீங்க. யானைக்காகச் சொல்லலீங்க.

இன்னும் வரலையா? வரும். அவசரப்பட்டு எறங்கீராதீங்க, டார்ச்ச எறக்காதீங்க. அவன் நல்லாப் பாத்துட்டுத்தான் அடிப்பான்.

வந்துருச்சா?

எல்லாரும் பாத்துட்டாங்களா? பெல் அடிச்சுட்டாரே. சரி, அப்ப எறங்குங்க தம்பி, பாத்துப் போங்க. நான் பாக்கலீங்க. கண்ண மூடிட்டேன்.